ராக்கி இல்லாத ராக்கி பாட்டு

கோலார் தங்கவயல் பள்ளிகளின் ஆண்டு விழாவில் ‘கே.ஜி.எஃப்’ படப் பாட்டு ஒலித்தால் அதில் வியப்பில்லை. 2018-இல் முதல் பாகமும் 2022-இல் இரண்டாம் பாகமும் இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோயின. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட ஊரில், அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெருமை தேவைதான். சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா என்ற பழைய வழக்கும் இங்கே வேண்டாம், தாராளமாக ஆடலாம். அந்தப் பாட்டு பிள்ளைகளுக்கு மேடையில் என்ன வேலை தருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் இசை. ரவி பஸ்ரூர் இந்தப் பாட்டுகளைத் திரையில் வரும் படத்தோடு பிணைத்துப் போட்டிருக்கிறார். முரசு முழங்கும், ஆண்குரல்கள் திரண்டு எழும், பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைத் திரையில் நாயகன் ராக்கியின் நடையும் ஸ்லோமோஷனும் எடிட்டிங்கும் நிரப்புகின்றன. மேடையில் அதே இடைவெளி வெறுமையாகக் கிடக்கிறது. ஒட்டுத்தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக நடுவில் ஒரு பையன் மெல்ல நடப்பான்; முகத்தில் கரி பூசிய மற்றவர்கள் மண்டியிட்டுக் கிடப்பார்கள். விசில் பறக்கும். ஆனால் அங்கே ஆடியது யார்?

அடுத்தது கதை. படத்தின் நராச்சி கற்பனைச் சுரங்கம். அங்கே அடிமைகள் தங்களை மீட்க பம்பாயிலிருந்து ஒருவன் வரக் காத்திருக்கிறார்கள். உண்மைத் தங்கவயலில், வட ஆர்க்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழர் பெரும்பான்மையாக இருந்த தொழிலாளர்கள், 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மீட்பர் எவரும் வெளியூரிலிருந்து வரவில்லை. அவர்கள் வழிவந்த பிள்ளைகளை அதே ஊர் மேடையில் மண்டியிட வைப்பது வெறும் ரசனைக் குறை ஆகாது, வரலாற்றைத் தலைகீழாக்குவது.

அப்படியானால் இதே தங்கவயலைப் பற்றிய ‘தங்கலான்’ படப் பாட்டைப் போட்டால் சரியாகிவிடுமா? 2024-இல் வந்த அந்தப் படத்தில் ‘மினிக்கி மினிக்கி’, முதன்முதலாக ரவிக்கை அணியும் பெண்களின் கூட்டுக் களிப்பு. ஜி.வி. பிரகாஷின் தாளம் எல்லோர் காலையும் ஒருசேர இழுக்கிறது. மேடைக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனாலும் நன்றாக ஆடும் ஒரு சிறுமியை முன்னே நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் கையசைக்க விட்டால் பாட்டு மாறியதே தவிர ஆட்டம் மாறவில்லை.

ஆகவே பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பொறுப்பு டான்ஸ் மாஸ்டருடையது. கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தனக்கென ஓர் அடவு இருக்கிறதா, அல்லது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கையைத் தூக்குகிறதா என்பதே என் அளவுகோல். அதை வைத்துப் பார்த்தால் நாயக வழிபாட்டு ஆட்டம் தேறாது. ஆனால் ‘கே.ஜி.எஃப்’ இசையின் உண்மையான பலம் அந்தக் கூட்டுக்குரல். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுங்கள். ராக்கியின் பாட்டுக்கே ஆடட்டும். ராக்கி மட்டும் வேண்டாம்.