பொய்க்க முடியாத வாக்கு: சிவன்மலை உத்தரவுப் பெட்டி

திருப்பூர் மாவட்டம் சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலின் உத்தரவுப் பெட்டி என்பது மூலவர் சன்னிதிக்கு முன்னால் தூணில் வைத்திருக்கும் ஒரு கண்ணாடிப் பேழை. முருகன் யாரோ ஒரு பக்தரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அந்தப் பக்தர் மலைக்கு வந்து தெரிவிக்கிறார். சுவாமி முன் பூப் போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகிறது. இன்னொருவர் கனவில் இன்னொரு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், நெல், தங்கம், துப்பாக்கி, சைக்கிள், இரும்புச் சங்கிலி என்று எத்தனையோ பொருள்கள் அங்கே இருந்திருக்கின்றன. பெட்டியில் இருக்கும் பொருள் நாட்டில் ஏதேனும் ஒரு தாக்கத்தை உண்டாக்கும் என்பது நம்பிக்கை.

ஒரு காலத்தில் இது காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்துக்குள் பேசப்பட்ட செய்தி. மலைக்குப் போனவர்கள் பெட்டியில் என்ன இருக்கிறதென்று பார்த்துவந்து ஊரில் சொல்வார்கள். இன்று பொருள் மாறிய உடனே படமும் விளக்கமும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வந்துவிடுகின்றன. தாராபுரத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் பேருந்துகளில் அதுவே பேச்சாகிறது. கூடவே ஒரு வாதமும் வலுத்திருக்கிறது. தண்ணீர் வைத்தார்கள், ஆழிப்பேரலை வந்தது. மண் வைத்தார்கள், நில விலை ஏறியது. மஞ்சள் வைத்தார்கள், மஞ்சள் விலை ஏறியது. ஆகவே இது வெறும் நம்பிக்கை அல்ல, நிரூபணமான உண்மை என்பது அந்த வாதம். நம்புகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தால் திறனாய்வுக்கு அங்கே அதிக வேலை இல்லை. நிரூபணம் என்று சொன்ன பிறகு, அதற்குரிய கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

பெட்டியின் நல்ல பக்கங்களை மறுப்பதற்கில்லை. கனவு காண்பதற்குச் சாதியும் படிப்பும் பணமும் தேவையில்லை. சொன்னவருக்குப் பரிசும் பதவியும் கிடைப்பதில்லை. பரிகாரம் செய் என்று பெட்டி யாரையும் கேட்பதில்லை. அருணகிரிநாதர் பாடிய ஒரு மலை, அடிவாரத்து மக்களோடு இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது என்ற உணர்வுக்கு ஓர் அழகும் உண்டு. குறிசொல்லும் வழக்கங்களில் இந்த அளவுக்குக் கள்ளமற்றது அரிது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் வைக்கப்படுவது பொருள் மட்டுமே. அது எப்போது பலிக்கும், எங்கே பலிக்கும், நன்மையாகவா தீமையாகவா என்ற மூன்றில் ஒன்றுகூடச் சொல்லப்படுவதில்லை. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம் என்று நம்புகிறவர்களே விளக்கம் தருகிறார்கள். காலமும் இடமும் திசையும் இல்லாத வாக்கு பொய்க்க வழியே இல்லை. பொய்க்க வழியில்லாத வாக்கு பலித்தது என்று சொல்வதில் பொருளும் இல்லை.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பருவத்தில் வெள்ளம் வந்திருந்தால் வாக்கு பலித்திருக்கும். மழை பொய்த்திருந்தாலும் பலித்திருக்கும். காவிரி வழக்கில் ஓர் உத்தரவு வந்தால், அமராவதி அணை நிரம்பினால், உப்பாறு அணை வறண்டால், குடிநீருக்காக எங்காவது மறியல் நடந்தால், எல்லாம் பலித்த கணக்கில்தான் சேரும். இவற்றில் ஒன்றாவது நடக்காத ஆண்டு தமிழ்நாட்டில் கிடையாது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தண்ணீரை நினைவுகூர்ந்தவர்கள் பலர். அதற்கு முன்னால், நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் ஆளனுப்பி, கரையை விட்டு விலகியிருங்கள் என்று சொன்னவர் எவரும் இல்லை. சொல்லியிருக்கவும் முடியாது, பெட்டி கடல் என்று சொல்லவில்லை, டிசம்பர் என்றும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோன ஒரு பேரழிவை முன்பே அறிந்திருந்ததாக ஒரு பேழைக்குப் பெருமை சேர்ப்பது கொடுமையானது. ஒருவரைக்கூடக் காப்பாற்றாத ஒன்றை எச்சரிக்கை என்று அழைக்கக் கூடாது.

மஞ்சள் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஈரோட்டுச் சந்தையில் 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-க்குள் 5,000-க்கும் கீழே விழுந்தது. ஏறியதும் தாக்கம், விழுந்ததும் தாக்கம். வரும் பட்டத்தில் மஞ்சள் நடலாமா வேண்டாமா என்று தவிக்கும் விவசாயிக்கு வேண்டிய தகவல், விலை ஏறுமா விழுமா என்பது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் பெட்டி சொல்வதில்லை. உச்ச விலையைப் பார்த்து நட்டு, சரிவில் அகப்பட்ட குடும்பங்களின் கடனுக்குப் பெட்டி பொறுப்பேற்கவில்லை; விலை ஏற்றத்துக்கான புகழ் மட்டும் அதற்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப் பின்னிருந்து பொருத்திப் பார்ப்பது கொங்கு நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. போருக்குப் போனால் ஒரு பேரரசு அழியும் என்று டெல்ஃபிக் கோயிலில் வாக்குப் பெற்ற லிடிய மன்னன் குரோசஸ் பாரசீகத்தின்மேல் படையெடுத்தான். அழிந்தது அவனுடைய அரசே. ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த அந்தக் கதையில் வாக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் வென்றிருக்கும். 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணவிளக்கம் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்தவை யாருக்கும் பொருந்தக்கூடிய பொது வரிகள். தாளில் இல்லாத பொருத்தத்தை மாணவர்களின் மனமே உண்டாக்கிக்கொண்டது. பெட்டியில் இல்லாத வாக்கியத்தையும் பார்ப்பவர் மனமே எழுதிக்கொள்கிறது.

வானிலை ஆய்வு மையமும் தவறுகிறதே, அதை மட்டும் நம்பலாமா என்று பெட்டியை ஆதரிப்பவர்கள் கேட்பதுண்டு. இது வலுவான கேள்வியாகத் தோன்றினாலும் பெட்டிக்கே எதிரானது. வானிலை மையம் தவறியது எப்படித் தெரிகிறது? எந்த மாவட்டம், எந்த நாள், எவ்வளவு மழை என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால் தெரிகிறது. தவறு தெரிவதால் முறை திருத்தப்படுகிறது. புயலின் போக்கைக் கணிப்பது சில பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று மிகவும் மேம்பட்டிருக்கிறது. பெட்டியில் திருத்துவதற்கு எதுவும் இல்லை, ஏனெனில் பிழை என்று எதுவும் அங்கே பதிவாவதில்லை.

பழக்கம் மலையோடு நின்றுவிட்டால் இத்தனை சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்கு அனுமதி தரும் அதே பூ, தாராபுரம் வட்டாரத்துக் குடும்பங்களின் பெரிய முடிவுகளிலும் கேட்கப்படுகிறது. குலதெய்வக் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, வீடு கட்டுவது, தோட்டம் வாங்குவது, போர்வெல் போடுவது எல்லாவற்றுக்கும் பூக் கேட்பதுண்டு. இரண்டு பொட்டலத்தில் ஒன்று என்றால் சரிபாதி வாய்ப்பு. குண்டடம், மூலனூர் பக்கத்து மேட்டாங்காட்டில் 1,000 அடி போனாலும் தண்ணீர் நிச்சயமில்லை; ஒரு போருக்குச் செலவாகும் பணம் ஒரு சிறு விவசாயியின் பல வருடச் சேமிப்பு. பாறையின் தன்மையையும் பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் அவை எந்த மாதம் வற்றுகின்றன என்பதையும் விசாரித்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில், பூ வந்துவிட்டது என்றதும் விசாரணை நின்றுவிடுகிறது.

போர் போட்டு, புகை மட்டும் வந்து தண்ணீர் வராமல் போனால் என்ன நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பூ தவறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நேரம் சரியில்லை, தீட்டோடு கேட்டிருப்பார்கள், மனசில் சந்தேகத்தோடு கேட்டார்கள் என்று குற்றம் கேட்டவர்மேல் திரும்புகிறது. வாக்கு பலித்தால் சாமிக்குப் புகழ். பலிக்காவிட்டால் ஏமாந்தவனுக்கே பழி. கல்யாணத்தில் இதன் கனம் இன்னும் கூடுகிறது. கம்பெனிக்குப் போய்ச் சம்பாதித்து, வீட்டுக் கடனில் பங்கெடுக்கும் பெண்ணிடம் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே பூக் கேட்கும் வீடுகள் உண்டு. பூ வந்த பிறகு அவள் வேண்டாம் என்றால் அது அப்பா அம்மாவின் முடிவை மறுப்பதாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை, சாமியை மறுப்பதாகிவிடுகிறது. அந்த மணவாழ்க்கை கசந்துபோனால் யார் முன்வந்து நாங்கள் தவறாக முடிவெடுத்தோம் என்று சொல்வது? முடிவெடுத்தவர் என்று அங்கே யாருமே இல்லை. சிந்திக்கும் பொறுப்பை மனிதர்களின் கையிலிருந்து எடுத்துவிடுவதே இந்தப் பழக்கத்தின் பெரிய தீங்கு. மற்ற தீங்குகள் எல்லாம் அதன் பின்னால் வருபவை.

இதே மாவட்டம் வேறு மாதிரியும் சிந்தித்திருக்கிறது. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. சிவன்மலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அணை அது. கிணற்று நீர் உப்பேறி, தென்னை கருகி, பயிர் அழிந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் எந்தப் பொருளுக்கும் காத்திருக்கவில்லை. நீரைச் சோதிக்க வைத்தார்கள், உப்பின் அளவை எண்களில் பதிவு செய்ய வைத்தார்கள், சங்கம் அமைத்து நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளுக்குக் கெடு விதித்தது. கெடு மீறப்பட்டதால் 2011 ஜனவரி 28-ல் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த விவசாயிகளில் பலர் முருக பக்தர்களே. தைப்பூசத் தேருக்கு மலையேறியவர்கள், தண்ணீர் விஷயத்தில் தம் கண்ணையும் சோதனைக்கூடத்தையும் நம்பினார்கள். பக்தியும் விசாரணையும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பெட்டியை எதிர்த்தவர்கள் பக்திக்கும் விசாரணைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் போதிய அளவு வலியுறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈரோட்டில் 1925-ல் ‘குடி அரசு’ தொடங்கிய பெரியாரின் இயக்கம் கொங்கு நாட்டின் சாதித் திமிரையும் புரோகிதத்தையும் துணிச்சலாக எதிர்த்தது. ஆனால் அதன் பிற்கால மேடைகள் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கிலேயே பெரும்பாலும் நின்றன. அந்த வழக்கில் பெட்டி எளிதாகத் தப்பிக்கிறது; இருக்கிறார் என்பவர் பெட்டியை நம்புவார், இல்லை என்பவர் சிரிப்பார், சோதிப்பவர் யாருமில்லை. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-ல் அற்புதங்களை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். அவருக்குப் பின் அந்தச் சவாலைத் தொடர்ந்தவர், கோவை போத்தனூரிலிருந்து ஆங்கில இதழ் நடத்தி 2009-ல் மறைந்த பசவ பிரேமானந்த். நிபந்தனையை முன்பே எழுதிவைத்துச் சோதிப்பது அவர்கள் காட்டிய வழி. தலைவர் சொன்னதை விசாரிக்காமல் திருப்பிச் சொல்லும் பகுத்தறிவாளரும் பூக் கேட்பவரைப் போலவே தம் யோசனையை வேறொருவரிடம் ஒப்படைத்தவர்தான்.

சைவ மரபுக்குள்ளேயே இப்படி விசாரிப்பதற்கு இடம் உண்டு. நட்ட கல்லைச் சுற்றிவருவதைக் கேள்வி கேட்ட சித்தர் சிவவாக்கியரை, சிவன்மலையின் தலமரபு தன் மலையோடு சேர்த்தே சொல்கிறது. இப்படிப்பட்டவரைப் போற்றும் மலையில் கேள்வி கேட்பது சாமி குற்றம் ஆகாது. அரசியலமைப்புச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட 51ஏ(எச்) பிரிவு அறிவியல் மனப்பான்மையையும் விசாரிக்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. சிவன்மலைக் கோயிலை நிர்வகிப்பது தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை. அதற்காகப் பெட்டியை அகற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதைச் சோதிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடுத்த பொருள் வைக்கப்படும் நாளில், விளக்கம் சொல்லும் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் எது நடக்கும், எந்த மாவட்டத்தில், எந்தத் தேதிக்குள், ஏறுமா இறங்குமா என்று அன்றைக்கே எழுதட்டும். ஓராண்டு கழித்து அந்த வரிகளை அப்படியே மறுபடி வெளியிடட்டும்.