தட்டினால் பேசும் பலகை

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், பலாப்பழத்தைப் பற்றி ஆசையோடு பேசுவார்கள். அந்த மரத்தின் குரலை நினைப்பவர் குறைவு. நன்றாகக் காய்ந்த பலாப்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஒலி கணீரென்று எழுந்து, சற்று நின்று அடங்கும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவைத் தேடுவது வீணல்ல. செதுக்கும்போது மஞ்சளாக இருக்கும் உள்மரம், ஆண்டுகள் போகப் போகச் செம்பழுப்பாக முதிர்வது கண்ணுக்கும் விருந்து.

அதே விரல் முட்டியோடு விலை குறைந்த கிட்டார் ஒன்றின் முன் நில்லுங்கள். முதுகும் பக்கமும் எந்த மரம் என்பதைவிட, அதன் மேற்பலகைதான் குரலைத் தீர்மானிக்கிறது. அது ஸ்ப்ரூஸ் மரத்தின் ஒரே பலகையாக இருந்தால், எடையில்லாமலே விறைப்பாக நின்று, மெல்லத் தொட்டாலும் பதில் சொல்லும். மஹோகனி சற்றே அடங்கிய, கதகதப்பான குரல். மலிவானவற்றில் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான்: மெல்லிய ஏடுகள், ஒன்றின் ரேகைக்குக் குறுக்கே அடுத்தது. அதிர்வில் கொஞ்சம் அதற்குள்ளேயே தங்கிவிடும். ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ஆனாலும் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மழைக்கால மலைக்காற்றின் ஈரத்தில் ஒற்றைப் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும், சிலநேரம் வெடிக்கும். குறுக்கே ஒட்டிய ஏடுகளோ ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கற்றுக்கொள்ளும் பிள்ளை உறையில்லாமல் மூலையில் சாய்த்துவிட்டுப் போனாலும் பொறுத்துக்கொள்ளும். புதுக் கம்பி மாட்டினால் தெளிவான, நேர்மையான ஓசை. நாலு பேர் சேர்ந்து பாட அது தாராளம்.