விற்ற பின்னும் விற்றவன் கையில்
பாவித்த விளையாட்டுகளைத் தடுக்கும் பொறி பற்றி ஒரு நோக்கு

1

விளையாட்டுப் பொறி ஒன்றை வாங்குவதா விடுவதா என்னும் வினா, தமிழ்ச் சங்க மலரொன்றில் ஆராயத்தக்கதோ என்று சிலர் ஐயுறலாம். தொலைக்காட்சித் திரையிற் பொம்மைகளை ஓடவிட்டு மகிழ்வோரின் கவலை எமக்கெதற்கு என்றும் அவர்கள் வினவலாம். ஆயினும், ஒரு பண்டம் எத்தகையது என்பதைக் காட்டிலும் அது எம்முறையில் விற்கப்படுகின்றது என்பது பல வேளைகளில் முக்கியமானதாகிவிடுகின்றது. விளையாட்டுக்கு வகுக்கப்படும் விதி நூலுக்கும் பொருந்தலாம். 2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமேசன் நிறுவனம், கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியில் வாசகர்கள் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் நாவல்களை, விற்றவருக்கு உரிமை இருக்கவில்லை எனக் கூறித் தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது உண்மையே. ஆனால், கடையில் வாங்கிய நூலை இரவோடிரவாகக் கடைக்காரர் வந்து எடுத்துச் செல்லும் வழக்கம் அதற்கு முன் இருந்ததில்லை.

பாவித்த விளையாட்டுகளைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சியையும் அதன் பின்விளைவுகளையும் எடுத்துக்கொண்டு, அத்தகைய பொறியை ஒருவர் வாங்கலாமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

2

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2013 மே 21ஆம் திகதி எக்ஸ்பொக்ஸ் வன் என்னும் புதிய பொறியை அறிமுகஞ் செய்தது. யூன் 6ஆம் திகதி அதன் பாவனை விதிகளை வெளியிட்டது. விளையாட்டுகள் முன்போல் இறுவட்டில் விற்கப்படும். ஆயின் பொறியினுட் பதிந்ததும் அவை வாங்கியவரின் இணையக் கணக்குடன் பிணைக்கப்பட்டுவிடும். பொறி 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையேனும் இணையத்தின் வழியே நிறுவனத்தைத் தொடர்புகொள்ளல் வேண்டும். தவறின் விளையாட்டு இயங்காது. பாவித்த இறுவட்டைத் திட்டத்திற் பங்குபற்றும் கடைகளிலேயே விற்கலாம். அதற்கும் வெளியீட்டாளர் இசைதல் வேண்டும். நண்பர் ஒருவருக்குக் கொடுப்பதாயின், அதுவும் வெளியீட்டாளர் இசைவுடன், ஒரு விளையாட்டை ஒருமுறை மாத்திரமே கொடுக்கலாம். பெறுபவர் குறைந்தது 30 நாட்களாவது கொடுப்பவரின் நண்பர் பட்டியலில் இருந்திருத்தல் வேண்டும். இரவல் கொடுத்தலும் வாடகைக்கு விடுதலும் தொடக்கத்தில் இல்லை.

நடுநிலையோடு நோக்குவதாயின் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். குடும்பத்தைச் சேர்ந்த பத்துப் பேர் வரை ஒருவரது விளையாட்டுத் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றும், இறுவட்டைப் பொறியில் இடாமலே விளையாடலாம் என்றும் நிறுவனம் கூறிற்று. இவை பொய்ச் சலுகைகள் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பழைய முறையில் இறுவட்டு யார் கையில் இருந்ததோ அவரே அதன் சொந்தக்காரர். எவருக்குக் கொடுக்கலாம், எத்தனை முறை கொடுக்கலாம் என்பதை அவரே தீர்மானித்தார். புதிய முறையில் அத்தீர்மானம் முழுவதும் விற்றவர் கைக்கு மாறுகின்றது. நட்புக்கு 30 நாள் தவணை குறிக்கும் அதிகாரம் ஒரு கம்பனிக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுவது இயல்பே.

யூன் 10ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற கண்காட்சியிற் சோனி நிறுவனம், தனது பிளேஸ்டேஷன் 4 பாவித்த விளையாட்டுகளைத் தடுக்காது என்றும், இணையத் தொடர்பைக் கட்டாயமாக்காது என்றும் அறிவித்தது. கூடியிருந்தோரின் ஆரவாரம் நெடுநேரம் ஓயவில்லை. அதன் விலை 399 டொலர். போட்டியாளரின் விலை 499 டொலர். விளையாட்டைப் பகிர்வது எவ்வாறு என விளக்குவதற்குச் சோனி ஒரு குறும்படத்தையும் வெளியிட்டது. ஒருவர் இறுவட்டை மற்றொருவர் கையிற் கொடுக்கிறார், அவர் நன்றி கூறுகிறார், படம் முடிந்துவிடுகிறது. நெடிய விவாதங்கள் விளக்க முயன்ற வேறுபாட்டை அச்சில விநாடிகள் விளக்கிவிட்டன.

இணைய வசதியற்றோரின் நிலை என்ன என்று வினவப்பட்டபோது, அவர்களுக்கு எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் பழைய பொறி இருக்கிறது என்ற கருத்துப்பட மைக்ரோசொஃப்ட்டின் அப்பிரிவுத் தலைவர் டொன் மாட்ரிக் விடையளித்தார். பொறி தொடக்கத்திற் கிடைக்குமெனக் குறிக்கப்பட்ட நாடுகள் 21 மாத்திரமே. அப்பொறிக்கான கண்காட்சி மேடையிற் காட்டப்பெற்ற 'விச்சர் 3' என்னும் விளையாட்டை ஆக்கியோர் போலந்து நாட்டவர். அப்போலந்தும் பட்டியலில் இல்லை. எமது இலங்கையும் இல்லை. எதிர்ப்பு வலுத்த நிலையில், யூன் 19ஆம் திகதி நிறுவனம் இவ்விதிகள் யாவற்றையும் மீளப் பெற்றது. குடும்பப் பகிர்வுத் திட்டமும் அவற்றுடன் கைவிடப்பட்டது.

3

இவ்வெதிர்ப்பை வெறும் விளையாட்டுப் பிரியர்களின் கூச்சல் எனத் தள்ளிவிடலாகாது. பொருளியல் நோக்கில் அதற்குத் தெளிவான அடிப்படை உண்டு. பண்டமொன்றுக்குப் பயன்பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என இருவகைப் பெறுமதிகள் உள என்பர். நூலொன்றை வாங்குபவர் வாசிக்கும் பயனை மாத்திரம் வாங்குவதில்லை. வாசித்தபின் விற்கவும் மாற்றவும் கூடிய ஒரு பொருளையும் வாங்குகிறார். அக்காலத்தில் அமெரிக்காவில் முன்னணி விளையாட்டொன்று ஏறக்குறைய 60 டொலருக்கு விற்கப்பட்டது. விளையாடி முடித்தபின் ஒருவர் அதனை 20 டொலருக்கு விற்பாராயின், உண்மையில் அவர் செலவிட்டது 40 டொலரே. மறுவிற்பனையைத் தடுப்பின், பெயரளவில் விலை மாறாதிருந்தும் உண்மை விலை 60 ஆகிவிடுகின்றது. வாங்குபவரிடமிருந்து பரிவர்த்தனைப் பெறுமதியைப் பறித்துக்கொண்டு, அதற்கான விலையையும் அவரிடமே அறவிடுதல் இதன் உட்பொருளாகும்.

இதனால் மிகுதியும் பாதிக்கப்படுவோர் யார்? புதிய விளையாட்டை முதல் நாளிலேயே வாங்க வல்லவர் அல்லர். முப்பது டொலர் சேர்ந்ததும் பழைய கடையை நாடும் மாணவரும், நண்பரிடம் இரவல் பெறுபவருமே பாதிக்கப்படுகின்றனர். கலைப்பொருள் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கிவரும் படிக்கட்டே பாவித்த பொருட்களின் சந்தையாகும். மூத்த மாணவரின் பாடநூலைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்த எவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

4

சட்ட வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவிற் பொப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் நாவலொன்றை வெளியிட்டு, அதனை ஒரு டொலருக்குக் குறைத்து விற்கலாகாது என்ற அறிவித்தலையும் அதில் அச்சிட்டது. மேசிஸ் கடையினர் 89 சதத்துக்கு விற்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை விற்றபின் அப்பிரதியின் அடுத்த விற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பாளருக்கு இல்லை என 1908இல் நீதிமன்றம் தீர்த்தது. இதுவே முதல் விற்பனைக் கோட்பாடு எனப்படுவது. எக்ஸ்பொக்ஸ் விவாதம் எழுந்த அதே 2013இல், மார்ச் மாதத்தில், அக்கோட்பாடு மீண்டும் உறுதிபெற்றது. தாய்லாந்தில் மலிவாக விற்கப்பட்ட பாடநூல்களை வருவித்து அமெரிக்காவில் விற்ற தாய்லாந்து மாணவர் ஒருவருக்குச் சார்பாக அவ்வுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யப்பானிலும், பாவித்த விளையாட்டுகளை விற்பதை வெளியீட்டாளர் தடுக்க இயலாதென 2002இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது.

சட்டம் இவ்வாறிருக்க, தடை எங்ஙனம் சாத்தியமாயிற்று? சட்டத்தால் அன்று, பொறியின் அமைப்பால். 1908இற் பதிப்பாளர் அச்சிட்ட தடையைக் கடைக்காரர் பொருட்படுத்தாது விடலாம். நீதிமன்றம் அவரைக் காக்கும். பொறியினுள் அமைந்த தடையை எவரும் பொருட்படுத்தாதிருக்க முடியாது. இறுவட்டை விற்பதற்கு உரிமை உண்டு. ஆனால் வாங்கியவர் கையில் அது இயங்காது. அத்தோடு, விற்கப்படுவது பொருளன்று, அதனைப் பாவிப்பதற்கான அனுமதிப்பத்திரமே என்னும் வாதமும் உண்டு. கணினி மென்பொருள் தொடர்பில் 2010இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல் மென்பொருட் பிரதியின் மறுவிற்பனையை அனுமதித்தபோதிலும், 2019இல் மின்னூல்களுக்கு அவ்வுரிமை இல்லையெனத் தீர்த்தது.

5

எதிர்த்தரப்பினரின் வாதங்களுள் இரண்டு ஆராயத்தக்கன. பாவித்த விளையாட்டு எத்தனை தடவை கைமாறினும் அதனை ஆக்கியோருக்கு ஒரு சதமும் சேர்வதில்லை என்பது முதலாவது. இது உண்மையே. ஆனால் நூலாசிரியரின் நிலையும் அதுவே. அதன் பொருட்டுப் பழைய நூற்கடைகளை மூட வேண்டுமென அறிவுலகம் கோரியதில்லை. பின்னர் விற்கலாம் என்னும் துணிவே பலரைப் புதியதை முழு விலைக்கு வாங்கச் செய்கின்றது. பழையதை விற்ற பணம் அடுத்த புதியதை வாங்கவும் உதவுகின்றது. இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம், பாவித்த பிரதியை வாங்கியோர் இணைய வழி விளையாடத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டுமென 2010இல் வகுத்த முறையை 2013 மே மாதத்திற் கைவிட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கணினிக்கான விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடை 2003 முதல் இயங்குகிறது; அங்கும் மறுவிற்பனை இல்லை; எனினும் மக்கள் ஏற்றுக்கொண்டனரே என்பது இரண்டாவது வாதம். இது வலுவான வாதமே. ஆயினும் கணினி வைத்திருப்பவர் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குச் செல்லலாம். அப்போட்டியால் விலை இறங்குகின்றது. விளையாட்டுப் பொறியிலோ, இறுவட்டு இல்லாதொழியின், பொறியை ஆக்கியவரின் இணையக் கடையே இறுதியில் எஞ்சுவது. பழைய இறுவட்டு விற்கும் தெருக்கடைக்காரர், தாமறியாமலே, அந்நிறுவனத்தின் ஏகபோகத்துக்கு எதிராக நிற்கும் போட்டியாளராவார்.

6

2013இல் மக்கள் பெற்ற வெற்றி நிலைத்ததா? இவ்விடத்தே வரலாற்றின் முரண் வெளிப்படுகின்றது. 2020 நவம்பரில் வந்த எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிற்றல் பதிப்பு ஆகிய பொறிகளில் இறுவட்டுக்குரிய வாயிலே இல்லை. பாவித்த விளையாட்டைத் தடுக்கும் விதி எதுவும் அவற்றுக்கு எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. டிஜிற்றல் பதிப்பின் அறிமுக விலை மற்றையதைவிட 100 டொலர் குறைவு. 2013இல் தடையாக வந்தபோது ஆரவாரித்து எதிர்த்தவர்கள், அதே தடை வசதியாகவும் மலிவாகவும் வந்தபோது மெளனமாயினர். சோனியின் குறும்படத்தில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்ற இறுவட்டு, சோனியின் பொறியிலிருந்தே மறையத் தொடங்கியது. 2024 நவம்பரில் 700 டொலர் விலையில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் இறுவட்டு வாயிலைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது.

இதன் விளைவுகளும் தோன்றிவிட்டன. 2014இல் வெளிவந்த 'குறூ' என்னும் காரோட்ட விளையாட்டின் வழங்கிகளை யூபிசொஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31இல் நிறுத்தியது; விலைகொடுத்து வாங்கியோருக்கும் அப்போது அதனை விளையாட முடியாத நிலை ஏற்பட்டது. இணையமற்றோருக்கு மாட்ரிக் சுட்டிக்காட்டிய எக்ஸ்பொக்ஸ் 360இன் இணையக் கடையும் 2024 யூலை 29இல் மூடப்பட்டது. ஆனால் அப்பொறிக்கென வாங்கிய இறுவட்டுகள் இன்றும் இயங்குகின்றன. பொருளாகக் கையில் இருப்பதற்கும் அனுமதியாகக் கணக்கில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, மீளப் பறிக்கக்கூடிய அனுமதியை விற்போர் அதனை வெளிப்படையாகக் கூறாது 'வாங்குக' என விளம்பரஞ் செய்வதைத் தடுக்கின்றது. பறிப்பதை அது தடுக்கவில்லை. பெயரை மாத்திரம் திருத்துகின்றது. எனினும் பெயர் திருந்துவதும் ஒரு தொடக்கமே.

7

அவ்வாறாயின் இத்தகைய பொறியை வாங்கலாமா? கொள்முதலின் விலையை அறவிட்டு வாடகையின் உரிமையை மாத்திரம் தரும் பொறியை வாங்குதல் தகாது என்பதே எமது முடிபு. வாடகையை வாடகையென்றே கூறி, அதற்கேற்ற விலை குறிப்பாராயின் அதனை ஏற்பதில் இழுக்கில்லை. நூறு டொலர் மிச்சமென மகிழ்பவர், இருபது டொலர் வீதம் ஐந்து விளையாட்டுகளை விற்க முடியாதபோது அம்மிச்சம் கரைந்துவிடும் என்பதையும் கணக்கிடல் வேண்டும். ஆனால் கணக்கு மாத்திரம் போதாது. தன்னால் முழு விலை கொடுக்க இயலும் என்பதால் ஒருவர் இம்முறையை ஏற்கும்போது, இயலாத இன்னொருவர் ஏறிவரும் படிக்கட்டையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்.

2013இன் அனுபவம் இரு உண்மைகளை உணர்த்துகின்றது. வாங்குவோர் ஒருமித்து மறுப்பின், பெருநிறுவனமும் பதின்மூன்று நாட்களில் இறங்கி வரும். ஆனால் தடை எப்போதும் தடையென்ற பெயரோடு வருவதில்லை. அது மலிவென்றும் வசதியென்றும் பெயர் மாற்றிக்கொண்டு வரும்போதும் அதனை இனங்காணும் விழிப்பே எமக்கு வேண்டுவது. ஒரு பொருளை வாங்குமுன், இதனை நாளை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்போம். முடியாதெனின், அது இன்னும் விற்றவன் கையிலேயே இருக்கிறது.