பெயர் சொல்லாத நூறு

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றில் நிற்கும் பாறைக்குச் சங்கப் புலவர் கபிலரின் பெயரால் கபிலர் குன்று என்று பெயர். வள்ளல் பாரியின் மகளை மலையமான் மன்னனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் அவரை நம்மூர்க்காரர் என்று கொண்டாட இது போதும். ஆனால் அவர் பாடிய குறிஞ்சி அம்மாவட்டத்துக் கல்வராயன் மலைதான் என்று சொல்லப் புறப்பட்டால் பாட்டு இடம் தராது. அது திணைக்குரிய மலை.

சங்க நூலான ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பாடல்கள் நூறும் கபிலருடையவை. மூன்று முதல் ஆறடிக்குள் முடிபவை. புறப்பாட்டில் பாரி, காரி என்று வாய்நிறையப் பெயர் சொன்ன அதே புலவர், இங்கே காதலர் பெயரை மூச்சுவிடுவதில்லை. அகமரபு அப்படி. இந்த மறைப்பின் பயனை அறிய 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளைப் பார்க்கலாம். அங்கே பேசுவது ‘நான்’. அந்த இளைஞன் யார், கருநிறப் பெண் யார் என்று துப்பறிந்தே பல அறிஞர்களின் காலம் போயிற்று. கபிலரைப் படிப்பவருக்கு அந்த வம்பு இல்லை. தோழி என்ன சொல்கிறாள், எதை விழுங்குகிறாள் என்பதே வேலை.

நூறும் பத்துப் பத்தாகக் கட்டப்பட்டவை. கிள்ளைப் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளி தினையில் விழுவதால் தலைவி காவலுக்கு வருகிறாள். காவல் இருப்பதால் சந்திப்பு. கதிர் அறுத்துவிட்டால் இரண்டும் போச்சு. காதலுக்கு நாள் குறிப்பது பயிர். தினையும் சாமையும் விதைத்துப் பழகிய கல்வராயன் மலைக்காரருக்கு இதற்கு உரை தேவைப்படாது. வெறிப் பத்து இன்னும் மேல். மகள் மெலிந்தது ஏன் என்று தெரியாத தாய் வெறியாட வேலனை அழைக்கிறாள். தோழிக்கோ காரணம் தெரியும். அந்த ஒரு பொய்நிலையில் கேலியும் பதற்றமும் சேர்ந்தே நடக்கின்றன.

எல்லாப் பத்தும் இப்படி நிற்கவில்லை. அம்ம வாழிப் பத்தில் ஒரே விளி திரும்பத் திரும்ப வரும்போது, பொருள் நகராத இடங்களில் சட்டகம்தான் துருத்திக்கொண்டு தெரிகிறது. பாட்டின் கீழுள்ள கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டால் பேசுவது யார் என்றே தடுமாற வைப்பவையும் உண்டு.

பெரிய குறை வேறு. இந்தக் காதலருக்கு வயதாவதில்லை. ஷேக்ஸ்பியரிடம் சுருக்கம் விழும் முகமும், தெரிந்தே பொய் சொல்லும் காதலும் ஒரே குரலில் வருகின்றன. ஐங்குறுநூறு அவற்றைப் பங்குபோட்டுவிட்டது: பரத்தையும் ஊடலும் மருதம் பாடிய ஓரம்போகியாருக்கு, பிரிவு பாலை பாடிய ஓதலாந்தையாருக்கு. கபிலர் கைக்கு வந்தது தொடக்கத்தின் பரபரப்பு மட்டும். அந்தப் பரபரப்பில் மலைவாழ்வின் உழைப்பும் மறைந்துபோகிறது. குறவனுக்கென்றே ஒரு பத்து இருக்கிறது. அதிலும் அவன் பெரும்பாலும் பெண்ணின் தந்தையாகவே வருகிறான். காட்டைத் திருத்திய உழைப்பு இரண்டு சீரில் முடிந்துவிடுகிறது.