நான்கு கிதார், ஏழு பாணி

சிறுசேரி சிப்காட் பக்கம் ஐடி நிறுவன ஆண்டு விழாவில் கிதார் குழு மேடையேறினால் என்ன வாசிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ‘இளைய நிலா’ சாயலில் விரல் மீட்டல், கொஞ்சம் ப்ளூஸ், ஃபிளமெங்கோ, பாஸா நோவா, நடுவே ஒரு கர்நாடகத் துணுக்கு, கடைசியில் குத்து. கைதட்டல் நிச்சயம். வீடு திரும்பும்போது முணுமுணுக்கத்தான் எதுவும் மிஞ்சாது.

இப்படிப் பல பாணிகளில் எழுதுவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு கிதாருக்கும் குரல் ஒன்றே. மீட்டிய நொடியிலிருந்து ஒலி தேயும்; வயலின்போல இழுத்துப் பிடிக்க வழியில்லை. எல்லோரும் கீழ்க்கம்பிகளில் கூடினால் வெறும் இரைச்சல். பாணி மாறும்போது வலக்கையும் மாறுவதால் இந்தச் சலிப்பு உடைகிறது. பிரிட்ஜ் அருகே மீட்டினால் உலோகக் கூர்மை வரும். உள்ளங்கையால் கம்பியை அடக்கினால் மத்தளச் சாயல். 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் மணியோசை. ஒரே வாத்தியத்தை நான்காகக் காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சுலபம் என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பாணியும் தன் மேல்பூச்சோடு வந்து, காலூன்றுமுன் போய்விடுகிறது. கர்நாடகப் பகுதியில் இது அப்பட்டமாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்வர்ணபூமி இசைக் கல்லூரி 2010-இல் தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்ற பிரசன்னா, ஃபிரெட் வைத்த கிதாரிலேயே கமகத்தை வரவழைப்பவர். அது ஒருவர் விரலில் ஊறிய வித்தை. அதே கமகத்தை நால்வருக்கும் எழுதிக் கொடுத்தால், கம்பியை இழுக்கும் அளவு மயிரிழை பிசகினாலும் ஸ்ருதி நாலாபக்கமும் சிதறும். ராகத்தை ஒருவரிடம் விட்டு, மற்றவர்களை சட்ஜ பஞ்சமத்தில் நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

பாணிகள் மாறினாலும் அடியில் ஒன்று மாறாமல் ஓட வேண்டும். ராகமாலிகை நம்மிடம் இருக்கும்போது இந்தப் பாடத்தை வெளியே தேட வேண்டியதில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் ‘ஸ்ரீ விஸ்வநாதம்’ 14 ராகங்களில் சுற்றுகிறது. தாளம் ஒன்றே, ராகங்களை எதிர்வரிசையில் தொட்டுத் திரும்பி, ஸ்ரீராகப் பல்லவிக்கே வந்து சேர்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கிதார் குவார்டெட் வாசிக்கும் ‘லூஸ் கேனன்’ பாகெல்பெல்லின் கேனனைப் பல பாணிகளுக்கு இழுத்துப்போகும் வேடிக்கை உருப்படி. அடியில் அதே எட்டு ஸ்வர பாஸ் ஓடுவதால்தான் வேடிக்கை புரிகிறது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ கிதார் குழுவுக்கானது அல்ல. ஆனாலும் பாக் ஒரு பத்தி, கர்நாடகம் அடுத்த பத்தி என்று நிற்காமல், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடும் துணிச்சல் அதில் உண்டு. நம் குழுக்கள் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

கிதார் குழுவுக்கு எழுத உட்காருபவர்கள் முதலில் எட்டு ஸ்வரத்தில் ஒரு மெட்டைப் போட்டு, அதை எல்லாப் பாணியிலும் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாணியில் அது அடையாளம் தெரியாமல் போகிறதோ அதை வெட்டிவிடுங்கள். ஏழில் மூன்று தேறினாலே ஆறு நிமிட உருப்படிக்கு அது தாராளம்.