சிலந்திப் பூதமும் படைப்போரும்

படைப்போர் இலக்கியம் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் எம்மவர் சிலர் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றனர்: வரலாற்றில் நிகழாத போர்கள், நம்பவியலாத பூதங்கள், ஆகவே வெறும் கட்டுக்கதை. இத்தீர்ப்பை மீளவும் எண்ணிப்பார்க்க ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியம் ஒன்று எனக்கு உதவிற்று.

உட்டகாவா குனியோஷி (1797 - 1861) புராண வீரர்களையும் பேய் பூதங்களையும் வரைந்து புகழ்பெற்றவர். ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் மரப்பலகையில் வெட்டுவார். அச்சிடுநர் நிறத்துக்கொரு பலகையாகத் தாளில் ஒற்றியெடுப்பார். சாதாரண மக்களும் வாங்கக்கூடிய கலையாக அது இருந்தது. 1842இல் நடிகர்கள், கணிகையர் ஆகியோரின் படங்களை ஆட்சியாளர் தடைசெய்தனர். பழைய வீரர் கதைகள் தப்பின. அடுத்த ஆண்டே குனியோஷி மூன்று தாள்களில் ஓர் ஓவியம் தந்தார். மாவீரன் யொரிமிட்சு நோயுற்றுக் கிடக்கிறான். அவன் பின்னே சிலந்திப் பூதம் நிற்கிறது. காவல் வீரர்கள் அருகிருக்க, இருளிலே பூதப்படை திரள்கிறது. கிடப்பவன் ஆட்சித் தலைவன் என்றும், பூதங்கள் அவனது சட்டங்களால் நொந்த குடிமக்கள் என்றும் மக்கள் வாசித்தனர். பதிப்பாளர் அஞ்சிப் படத்தை விற்பனையிலிருந்து மீளப்பெற்றார். யொரிமிட்சு சிலந்தியை வென்றது உண்மையா என்பதல்ல அங்கு எழுந்த கேள்வி.

எமது படைப்போர்களையும் இவ்வாறு நோக்குதல் வேண்டும். வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர் 1686இல் எழுந்தது. தமிழகத்தின் தென்கரையிலும் இலங்கைக் கரையிலும் ஒல்லாந்தர் முஸ்லிம் வணிகரை நெருக்கிய காலம் அது. கடலும் வணிகமும் கைநழுவிய சமூகம் வெற்றிப் போர்களைக் கேட்க விரும்பியதில் வியப்பென்ன? உருவந்தீட்டும் வழக்கமில்லாத எமது புலவர்கள் வாளையும் குதிரையையும் பூதத்தையும் சொல்லாலேயே தீட்டினர்.

ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. ஐந்து படைப்போரின் நாயகர் அலி (ரலி) அவர்கள் எமது நம்பிக்கைக்குரிய ஸஹாபி. கற்பனைப் போரை மார்க்கச் செய்தியாகக் கொள்ளக்கூடாதென்ற உலமாக்களின் கவலை நியாயமானதே. ஆயின் அக்கவலைக்கு மருந்து நூலை மூடிவைப்பதன்று. இது காப்பியக் கற்பனை எனச் சொல்லிக் கொடுத்து வாசிப்பதே. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் விழாவில் அருச்சுனன் தவநிலைக்குச் செல்லும் நாளில் எவரும் ஆண்டுக்கணக்குக் கேட்பதில்லை. ஊரே திரண்டு பார்க்கிறது.

பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் படைப்போரைத் தனியோர் இலக்கிய வகையாக நிறுவிச் சென்றனர். அவர்கள் தொகுத்துத் தந்ததை நாம் பட்டியலாக மட்டுமே ஒப்புவிக்கிறோம். நூற்பெயரும் புலவர் பெயரும் பரீட்சைக்கு உதவும். அந்தப் பூதங்கள் யாருடைய அச்சத்திலிருந்து பிறந்தன என்று ஒரு வகுப்பிலேனும் கேட்டுப் பார்ப்போமாயின், விமர்சனம் அங்கிருந்து தொடங்கும்.