‘ஹை லெவல்’ ஹார்ன்பைப்: தோற்றமும் மரபும்

அயர்லாந்துப் பிடில் கலைஞர்கள் வாசிக்கும் நடன மெட்டுகளுள் ‘ஹை லெவல்’ என்னும் ஹார்ன்பைப்பும் ஒன்று. மரபு மெட்டு என்ற பொதுப்பெயர் இதற்கும் வழங்குகிறது. ஆயின், இதன் தோற்றம் இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சார்ந்தது. டைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த பிடில் கலைஞர் ஜேம்ஸ் ஹில் இதனை இயற்றியவராகக் கருதப்படுகிறார். நியூகாசில், கேட்ஸ்ஹெட் நகரங்களை இணைத்து 1849இல் திறக்கப்பெற்ற ஹை லெவல் பாலத்தின் பெயரையே மெட்டும் தாங்கியுள்ளது.

எனினும், பெயரைக் கொண்டு காலத்தை வரையறுப்பதில் எச்சரிக்கை வேண்டும். பாலம் எழுந்த காலம், பெயர் எழுந்த காலத்தையே காட்டும். பழைய மெட்டுக்குப் புதுப்பெயர் சூட்டுதல் நடன இசையில் இயல்பாகும். அவ்வாறே, ஒரு மெட்டு தொகுக்கப்பட்ட இடமும் அதன் பிறப்பிடமாகாது. பிரான்சிஸ் ஓநீல் 1903இல் வெளியிட்ட 1,850 மெட்டுகளின் தொகுப்பு சிகாகோவில் உருவானது. அதனால் அவை அமெரிக்க மெட்டுகள் ஆகிவிடா.

ஹார்ன்பைப் என்னும் வடிவமே இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குச் சென்றதாகும். அங்கு வில் வீச்சும் அணிகளும் தாள நடையும் மாறி அது தனித்தன்மை பெற்றது. எனவே தோற்றம் வேறு, மரபுரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஆய்வு, இயற்றியவரின் பெயரை மறைக்கும். அல்லது வாசித்து வளர்த்தோரின் ஆக்கத்தைக் குறைக்கும். ‘மரபு’ என்னும் குறிப்பு ஆய்வின் முடிவாக அமைதல் வேண்டும். ஆய்வைத் தவிர்க்கும் வழியாக அமைதல் கூடாது.